சம்பளச் சீட்டில் ஒரு வரி

ஓசூர் சிப்காட்டில் மாதம் 20,000 ரூபாய் வாங்கும் ஒரு தொழிலாளியின் சம்பளச் சீட்டில் இஎஸ்ஐ என்ற பெயரில் 150 ரூபாய் பிடித்திருப்பார்கள். அவருக்காக நிர்வாகமும் தன் பங்காக 650 ரூபாய் கட்டியிருக்கும். தொழிலாளிக்கு 0.75 சதவீதம், முதலாளிக்கு 3.25 சதவீதம் என்பது 2019 ஜூலை முதல் வந்த கணக்கு. அதற்கு முன் இது 1.75, 4.75 என்று இருந்தது. விகிதம் கூடினாலும் குறைந்தாலும் ஒன்று மட்டும் மாறவில்லை. இந்தப் பணத்தைக் கட்ட விருப்பமா என்று இரு தரப்பிடமும் யாரும் கேட்பதில்லை. சட்டம் சொல்கிறது, பணம் போகிறது.

இது குறித்து ஓசூர், கிருஷ்ணகிரி தொழிற்பகுதியில் மூன்று கேள்விகள் அடிக்கடி எழுகின்றன. "எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே, என்னிடம் ஏன் பிடிக்க வேண்டும்?" என்பது இருபத்து மூன்று வயது இளைஞரின் கேள்வி. "இத்தனை வருடம் கட்டியிருக்கிறேன், அதற்கேற்ற வைத்தியம் கிடைக்கிறதா?" என்பது மூத்த தொழிலாளியின் கேள்வி. "ஆர்டர் இல்லாத மாதத்திலும் நான் கட்டியாக வேண்டுமா?" என்பது மூக்கண்டப்பள்ளியில் பட்டறை நடத்தும் சிறு முதலாளியின் கேள்வி. மூன்றுமே நியாயமானவை. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் பதிலும் நியாயமாக அமையும்.

இஎஸ்ஐக்கு அடித்தளமான தொழிலாளர் அரசுக் காப்புறுதிச் சட்டம் 1948இல் வந்தது. பேராசிரியர் பி.பி. அதார்க்கர் 1944இல் அளித்த அறிக்கை அதற்கு அடிப்படை. 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டெல்லியிலும் திட்டம் தொடங்கியது. தமிழகத்தில் 1955இல் கோவை ஆலைத் தொழிலாளர்களிடமிருந்து ஆரம்பமானது. அன்று ஓசூரில் ஆலைகள் இல்லை. எழுபதுகளில் சிப்காட் வந்தபின்தான் ஊரின் முகம் மாறியது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று பெரிய ஆலைகள் வந்தன. அவற்றுக்கு உதிரிபாகம் செய்துதரும் நூற்றுக்கணக்கான பட்டறைகள் சுற்றிலும் முளைத்தன. இன்று சூளகிரி, குருபரப்பள்ளி, போச்சம்பள்ளி, கெலமங்கலம் வரை ஆலைகள் பரவியிருக்கின்றன. தேன்கனிக்கோட்டை மலைக்கிராமத்துப் பெண்ணும் ஜார்க்கண்டிலிருந்து வந்த இளைஞரும் ஒரே ஷிப்டில் வேலை செய்கிறார்கள். இருவரையும் சேர்த்துத் தாங்கும் நிதிதான் இஎஸ்ஐ.

மக்களிடம் கட்டாயமாகப் பணம் பிடித்துக் காப்பீடு தர அரசுக்கு அதிகாரம் உண்டா என்ற விவாதம் நமக்கு மட்டும் உரியதல்ல. ஜெர்மனி 1883இல் தொழிலாளர் நோய்க் காப்பீட்டைச் சட்டமாக்கியது. பிரிட்டன் 1911இல் அதே வழியில் வந்தது. அமெரிக்காவில் அனைவரும் மருத்துவக் காப்பீடு வைத்திருக்க வேண்டும், இல்லையெனில் அபராதம் என்ற சட்டம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2012 ஜூனில் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் அளித்த தீர்ப்பு நுட்பமானது. வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைக் காட்டி ஒரு குடிமகனைக் காப்பீடு வாங்கச் சொல்ல முடியாது, ஆனால் வாங்காதவரிடம் வரி வசூலிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு என்றது அந்தத் தீர்ப்பு. நான்குக்கு ஐந்து என்ற பெரும்பான்மையில் சட்டம் தப்பியது. 2017இல் வந்த வேறொரு சட்டம், 2019 முதல் அந்த அபராதத்தைப் பூஜ்யமாக்கிவிட்டது.

நம் அரசியலமைப்பு இந்த இடத்தில் தெளிவாகவே இருக்கிறது. பொதுப்பட்டியலின் 23ஆவது இனம் சமூகப் பாதுகாப்பையும் சமூகக் காப்பீட்டையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. மருத்துவமனைகள் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. ஆகவே சட்டம் இயற்றும் அதிகாரம் பற்றிய சண்டை இங்கே பெரிதாக எழவில்லை. ஆனால் அதிகாரம் இருக்கிறது என்பதாலேயே அதைப் பயன்படுத்தும் விதம் சரியாகிவிடாது. அந்தக் கேள்வி இங்கும் எழுந்தது, அதுவும் நாடாளுமன்றத்திலேயே.

2015 பிப்ரவரியில் நிதிநிலை அறிக்கையைத் தாக்கல் செய்த அருண் ஜேட்லி, தொழிலாளி இஎஸ்ஐயைத் தேர்ந்தெடுக்கலாம் அல்லது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் ஏற்ற மருத்துவக் காப்பீடு ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற யோசனையை முன்வைத்தார். வருங்கால வைப்பு நிதிக்கும் இஎஸ்ஐக்கும் இருப்பவர்கள் வாடிக்கையாளர்கள் அல்லர், பிணைக்கைதிகள் என்று சொல்லப்படுவதையும் அவர் அந்த உரையில் சுட்டினார். தொழிற்சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. அந்த யோசனை சட்டமாகவில்லை. என்றாலும் அதில் இருந்த உண்மையை ஒதுக்கிவிட முடியாது. வேறு வழியில்லாதவரிடம் பணம் வாங்கும் நிறுவனத்துக்கு அவரைத் திருப்திப்படுத்தும் அவசரம் குறைவு. மருந்தகத்தில் மருந்து இல்லை, மருத்துவர் வரவில்லை என்றாலும் அடுத்த மாதமும் பிடித்தம் வந்துவிடும். தனிமனித சுதந்திரத்தை வலியுறுத்துவோர் இதைச் சொல்லும்போது நாம் காதுகொடுத்துக் கேட்க வேண்டும்.

கட்டாயத்தின் பக்கமும் வலுவான நியாயம் இருக்கிறது. விருப்பமிருந்தால் விலகலாம் என்று வைத்துக்கொள்வோம். முதலில் விலகுவது நோயில்லாத இளைஞர்களாகவே இருக்கும். எஞ்சுவோர் சர்க்கரை நோயாளிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், வயதான பெற்றோரை வைத்திருப்பவர்கள். அவர்களின் செலவை அவர்களே சுமக்க வேண்டுமென்றால் பிடித்தம் பல மடங்கு ஆகும். இன்னும் சிலர் விலகுவார்கள். கடைசியில் நிதியே நிற்காது. இன்று விலகும் இளைஞரும் இருபது ஆண்டுகள் கழித்து அதே நிதியைத் தேடி வரத்தான் போகிறார். அப்போது அது இருக்க வேண்டுமென்றால் இப்போது அவர் உள்ளே இருக்க வேண்டும்.

150 ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். தனியார் காப்பீட்டில் வயது கூடினால் பிரீமியம் கூடும். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று ஆண்டுகள் வரை காத்திருக்கச் சொல்லலாம். இஎஸ்ஐயில் சம்பளம்தான் அளவுகோல். வயதோ நோயோ விலையைக் கூட்டுவதில்லை. மனைவி, பிள்ளைகளுடன் சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் சிகிச்சை உண்டு. நோயால் வேலைக்குப் போக முடியாவிட்டால் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். காசநோய், புற்றுநோய் போன்ற நீண்டகால நோய்களுக்கு, போதிய பணிக்காலம் இருந்தால், 80 சதவீதம் வரை கூடுதல் காலத்துக்கு உண்டு. மருத்துவச் செலவோடு நின்றுபோன சம்பளத்தையும் ஈடுகட்டும் காப்பீடு சந்தையில் எளிதில் கிடைப்பதில்லை.

சிறு முதலாளிகள் கவனிக்கத் தவறும் ஒரு பலனும் உண்டு. பிரஸ் இயந்திரத்தில் விரல் போகும் விபத்து இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. காப்பீடு செய்யப்பட்ட தொழிலாளிக்கு அப்படி நேர்ந்தால் இழப்பீட்டை இஎஸ்ஐ கழகமே தருகிறது. முதலாளி தனியாக நஷ்ட ஈடு கொடுக்க வேண்டியதில்லை. பேறுகால விடுப்பின் 26 வாரச் சம்பளமும் அப்படியே. பல ஆயிரம் இளம்பெண்கள் வேலை செய்யும் மின்னணு ஆலைகளுக்கும், பத்துப் பன்னிரண்டு பேரை வைத்திருக்கும் பட்டறைக்கும் இது முக்கியம். பேறுகாலச் செலவு முழுவதும் ஒரு நிர்வாகத்தின் தலையில் விழுந்தால், பெண்களை வேலைக்கு எடுக்கத் தயங்குவார்கள். எல்லோரும் சேர்ந்து சுமப்பதால் அந்தத் தயக்கம் குறைகிறது.

அதேசமயம் சிறு தொழிலின் நெருக்கடியும் பொய்யல்ல. பெரிய ஆலை உற்பத்தியைக் குறைத்தால் முதலில் அடிபடுவது அதற்கு உதிரிபாகம் செய்து தரும் பட்டறைதான். பில் தொகை வர மூன்று மாதம் ஆகும். பங்களிப்போ அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். தாமதித்தால் வட்டியும் அபராதமும் சேரும். பத்துப் பேரானால் சட்டம் வந்துவிடும் என்று ஏட்டில் ஒன்பது பேரோடு நிறுத்திக்கொள்வோர் உண்டு. இதைக் குற்றமாக மட்டும் பார்த்தால் பத்தாவது ஆள் என்றைக்கும் ஏட்டில் ஏற மாட்டார். பழைய பாக்கியைத் துருவாமல் புதிதாகப் பதிவு செய்ய இடம் கொடுத்த ஸ்ப்ரீ திட்டம் 2025 ஜூலையில் தொடங்கியது. மிரட்டாமல் அழைத்தால் வருவோர் உண்டு என்ற நம்பிக்கை அதில் தெரிகிறது. ஆனால் தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்துவிட்டு அதைக் கட்டாமல் வைத்துக்கொள்வதற்கு எந்தச் சமாதானமும் இல்லை. சட்டம் அதை நம்பிக்கை மோசடியாகக் கருதுவது சரியே.

கட்டாயமாகப் பணம் வாங்கும் அரசுக்கும் ஒரு கடன் ஏற்படுகிறது. தொழிலாளியின் உடல்நலமும் மருத்துவ உதவியும் வாழ்வுரிமையின் பகுதி என்று 1995இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2007இல் கிஷோர் லால் வழக்கில், இஎஸ்ஐ சிகிச்சை இலவசமல்ல, தொழிலாளி கட்டும் பங்களிப்புக்கு ஈடான சேவை, ஆகவே அதில் குறை இருந்தால் நுகர்வோர் மன்றத்தை அணுகலாம் என்று தீர்ப்பளித்தது. நமக்கு இந்தத் தீர்ப்பு கைகொடுக்கிறது. வரி கட்டியவர் அதற்கு நேரான பலனை இன்னது என்று கேட்க முடியாது. இஎஸ்ஐ கட்டியவர் கேட்கலாம். மருந்தக வாசலில் நிற்பவர் தானம் வாங்க வந்தவரல்லர் என்பதை அங்கே பணிபுரிவோரும், அவரும், நாமும் ஏற்றுக்கொண்டால் பாதித் தகராறு குறையும்.

கர்நாடக எல்லைப்புறத்தில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. ஓசூரில் குடியிருந்துகொண்டு ஜூஜூவாடியைக் கடந்து அத்திப்பள்ளிக்கும் பொம்மசந்திராவுக்கும் ஆனேக்கலுக்கும் தினமும் வேலைக்குப் போவோர் ஏராளம். அங்கிருந்து இங்கே வருவோரும் உண்டு. இஎஸ்ஐ நிதி நாடு முழுவதற்கும் ஒன்று. ஆனால் மருந்தகங்களையும் பல மருத்துவமனைகளையும் நடத்துவது மாநில அரசுகள். வரம்புக்கு உட்பட்ட மருத்துவச் செலவில் எட்டில் ஏழு பங்கைக் கழகமும், ஒரு பங்கை மாநிலமும் ஏற்கின்றன. கர்நாடகத்தில் பிடித்த பணத்துக்குத் தமிழகத்தில் வைத்தியம் பார்க்கும்போது பதிவு, பரிந்துரை, மேல்சிகிச்சை என ஒவ்வொரு கட்டத்திலும் தொழிலாளி இரண்டு நிர்வாகங்களுக்கு நடுவே நிற்க வேண்டியிருக்கிறது. வெளிமாநிலத் தொழிலாளியின் குடும்பம் ஊரிலேயே இருந்தால் அங்கேயே சிகிச்சை பெற வழி உண்டு. அதை அவருக்குப் புரியும் மொழியில் சொல்ல ஆளில்லை. ஒப்பந்த நிறுவனம் மாறும்போதெல்லாம் புதிய காப்பீட்டு எண் போடப்பட்டால், பழைய பங்களிப்பு கணக்கில் சேராமல் போகிறது. நோய்க்காலச் சம்பளம் பெற ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் பங்களிப்பு தேவை. எண் மாறியதால் அந்தத் தகுதியை இழப்பவர் தன் தவறு எதுவும் இல்லாமலேயே இழக்கிறார்.

சம்பள வரம்பு இன்னொரு முட்டுக்கட்டை. 2017 ஜனவரியில் அது 15,000த்திலிருந்து 21,000 ஆனது. வரம்பைத் தாண்டியவர், அந்தப் பங்களிப்புக் காலம் முடிந்ததும் வெளியேறுகிறார். 20,500 வாங்கியவருக்கு ஆயிரம் ரூபாய் சம்பள உயர்வு வந்தால், அதோடு பெற்றோரின் மருத்துவப் பாதுகாப்பு போய்விடுகிறது. சம்பளம் கூட வேண்டாம் என்று தொழிலாளி யோசிக்கும் நிலையை எந்தச் சட்டமும் உருவாக்கக் கூடாது. அதற்குக் கீழேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், அதாவது மாதம் 10,000. ஓசூரில் மாதம் 15,000 ஈட்டும் ஆட்டோ ஓட்டுநருக்கோ தையல் தொழிலாளிக்கோ அந்தத் திட்டமும் இல்லை, முதலாளி இல்லாததால் இஎஸ்ஐயும் இல்லை. கட்டாயத்தை விமர்சிக்கும்போது, உள்ளே வர விரும்பியும் வழியில்லாத இவர்களையும் நினைக்க வேண்டும்.

நடுவழி எங்கே இருக்கிறது? கட்டாயம் தொடரட்டும், அதற்குள் தேர்வுரிமை பெருகட்டும் என்பதே இந்தத் தலையங்கத்தின் நிலைப்பாடு. காப்பீட்டிலிருந்து விலகும் சுதந்திரம் வலுவானவரை மட்டும் காக்கும். எந்த மருந்தகம், எந்த மருத்துவமனை, எல்லைக்கு எந்தப் பக்கம் என்று தீர்மானிக்கும் சுதந்திரம் எல்லோரையும் காக்கும். பிணைக்கைதி என்ற குற்றச்சாட்டுக்குச் சரியான பதில் கதவைத் திறந்துவிடுவதல்ல, உள்ளே இருப்பவருக்கு மரியாதை தருவதுதான்.

இதற்குச் சில நடைமுறை வழிகள் இருக்கின்றன. சம்பள வரம்பை விலைவாசியோடு இணைத்துக் குறிப்பிட்ட கால இடைவெளியில் தானாக உயரச் செய்யலாம். வரம்பைத் தாண்டியவர் விரும்பினால் தன் செலவில் தொடர அனுமதிக்கலாம். ஐந்தாண்டு காப்புறுதியில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டித் துணைவரோடு சிகிச்சை பெறும் வசதி ஏற்கெனவே இருப்பதால் இது முன்னுதாரணம் இல்லாத யோசனையல்ல. நல்ல மாற்று ஏற்பாடு வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு விலக்கு தரவும் 1948 சட்டத்தில் இடம் வைத்திருந்தார்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, பத்துப் பேருக்குக் குறைவான நிறுவனங்களும் விரும்பினால் சேர வழி செய்கிறது. ஆபத்தான தொழிலாக அறிவிக்கப்பட்டவற்றில் ஒருவர் இருந்தாலே சேர்க்கலாம் என்கிறது. பட்டறைகள் நிறைந்த நம் பகுதிக்கு இந்த இரண்டும் பொருந்தும்.

வரி விஷயத்திலும் அரசு இறங்கி வர முடியும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி நீக்கப்பட்டது. வரி விதிக்கும் அதிகாரத்தைப் போலவே அதைத் தளர்த்தும் அதிகாரமும் மக்கள் நலனுக்குப் பயன்படலாம் என்பதற்கு அது உதாரணம். பத்தாவது ஆளைப் பதிவு செய்யும் சிறு நிறுவனத்துக்கு முதல் ஓராண்டு மட்டும் பங்களிப்பில் ஒரு பகுதியை மாநில அரசோ, அதனிடம் வேலை வாங்கும் பெரிய ஆலையோ ஏற்பது பற்றியும் பேசலாம்.

ஆனால் எல்லாவற்றையும் டெல்லியிலும் சென்னையிலும் எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. உள்ளூர்க் குழுக்கள் அமைக்க இஎஸ்ஐ விதிமுறைகளிலேயே இடமிருக்கிறது. ஓசூருக்கு அத்தகைய குழு முறையாகக் கூட வேண்டும். சிறு, குறு தொழில்களின் சங்கமான ஹோஸ்டியா, பெரிய ஆலைகளின் நிர்வாகங்கள், தொழிற்சங்கங்கள், இஎஸ்ஐ மருத்துவமனையின் மருத்துவர்கள், வெளிமாநிலத் தொழிலாளர் சார்பில் ஒருவர், எல்லைக்கு அப்பால் பொம்மசந்திரா அலுவலகத்தின் பிரதிநிதி ஆகியோர் ஒரே மேசையில் உட்கார்ந்தால் பல சிக்கல்கள் கடிதப் போக்குவரத்து இல்லாமலே தீரும். மருந்து இருப்பு, மருத்துவர் பணியிடம், மேல்சிகிச்சைப் பரிந்துரைக்கு ஆகும் நாட்கள் ஆகிய மூன்றையும் மாதந்தோறும் மருந்தக வாசலில் எழுதி ஒட்டினால் போதும். பணம் கட்டுபவருக்குக் கணக்குத் தெரிந்துவிடும்.

நம் ஒவ்வொருவருக்கும் இதில் பங்குண்டு. தொழிலாளி தன் காப்பீட்டு எண்ணை வேலை மாறும்போது கேட்டுச் சேர்க்க வேண்டும், சும்மா லீவு எடுக்க நோய்ச் சான்று கேட்பதையும் தவிர்க்க வேண்டும். பொய்ச் சான்று ஒவ்வொன்றும் உண்மையான நோயாளியின் பணத்தையே எடுக்கிறது. முதலாளி பிடித்ததைத் தேதிக்குள் கட்ட வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளியின் பங்களிப்புக்குச் சட்டப்படி முதன்மை நிறுவனமே பொறுப்பு என்பதைப் பெரிய ஆலைகள் நினைவில் வைக்க வேண்டும். தொழிற்சங்கம் போராட்டத்தோடு வழிகாட்டலையும் தன் வேலையாகக் கொள்ளலாம். விடுதிகளில் தங்கியிருக்கும் பெண்களுக்கும் வடமாநில இளைஞர்களுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை விளக்கக் கூட்டம் நடத்த யாருடைய அனுமதியும் தேவையில்லை.

நம்பிக்கைக்கும் காரணம் இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி தொடங்கியது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளி கிராமத்தில்தான். போலுப்பள்ளி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் இன்னுயிர் காப்போம் திட்டம், அடிபட்டவர் எந்த மாநிலத்தவர் என்று கேட்பதில்லை. தேசிய நெடுஞ்சாலையில் எல்லை பார்க்காமல் காக்க முடிந்த நமக்கு, ஆலைக்குள்ளும் அதைச் செய்ய முடியாதா? இஎஸ்ஐ கணக்கில் ஏப்ரலிலும் அக்டோபரிலும் புதிய பங்களிப்புக் காலம் தொடங்குகிறது. அடுத்தது தொடங்குமுன் உள்ளூர்க் குழுவைக் கூட்டும்படி மாவட்ட நிர்வாகத்திடம் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து ஒரே மனுவில் கையெழுத்திட்டுக் கேட்கலாம். கட்டுவதில் இருவரும் ஏற்கெனவே கூட்டாளிகள். கேட்பதிலும் கூட்டாளிகளாவது கடினமில்லை.